வைரஸ் வகுப்பும் கல்யாணப் பத்திரிகையும்

எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. நான் பட்ட அவமானங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வாக்கியத்தால் வந்தவை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. என்ன வேலை என்றால், பாஸ்வேர்டை மறந்துவிட்டு போன் செய்கிறவர்களுக்குப் புது பாஸ்வேர்டு கொடுப்பது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான். நடுவில் யாராவது ஸ்க்ரீன் கருப்பாக இருக்கிறது என்று அழுதால், "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பேன். பெரும்பாலும் சரியாகிவிடும். (ஆகாவிட்டால் வேறு டிபார்ட்மென்டுக்குத் தள்ளிவிடுவேன்.) ஆனால் சந்தாபுராவில் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் நான் கம்ப்யூட்டர் நிபுணன். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால்கூட எனக்குத்தான் போன் வரும்.

இந்தப் புகழைப் பரப்பியவர் அடுகோடியில் இருக்கும் என் சித்தப்பா. அப்பா போன பிறகு குடும்பத்துக்குத் தலைவர் தான்தான் என்று அவரே முடிவு செய்து, அதற்கு அத்தாட்சியாகப் போனில் ஒரு குடும்பக் குரூப்பையும் ஆரம்பித்தார். நூற்று முப்பது பேர். அட்மின் அவர். தினமும் காலையில் அவர் போடும் பூப்படத்துக்கு நூற்று முப்பது பேரும் கை கூப்ப வேண்டும். கூப்பாதவர்களுக்கு மத்தியானத்துக்குள் போன் வந்துவிடும்.

அந்தச் சித்தப்பா, பார்க்கில் தன்னோடு நடக்க வரும் ஒரு ஹெட்மாஸ்டரிடம் வாய் கொடுத்திருக்கிறார். அவர் பள்ளியில் புதிதாக ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்களாம், பிள்ளைகளுக்கு ஏதாவது உபயோகமாகச் சொல்ல ஆள் வேண்டுமாம்.

"என் அண்ணன் பையன் இருக்கான் சார். முரளின்னு பேரு. அவன் பேரைக் கேட்டாலே வைரஸ் எல்லாம் மூட்டை கட்டிக்கினு ஓடிடும்" என்று இவர் சொல்லிவிட்டார்.

எனக்கு விஷயம் வந்து சேர்ந்தபோது தேதியும் தலைப்பும் முடிவாகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு 'கம்ப்யூட்டர் வைரஸ்: ஓர் அறிமுகம்'. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லீவு போட்டேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், போனைப் பெரிய திரையில் காட்டுவது எப்படி என்று இரண்டு நாள் பழகினேன்.

இங்கே என் தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கவிதாவுக்கு நிச்சயமாகி, கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அப்பா சுந்தரமூர்த்தி மாமா சிவாஜிநகர்க்காரர், தங்கமான மனுஷர். எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் குரல் உயராது. என்னை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பத்திரிகை அடிப்பது அவர் பொறுப்பு. "உங்க பக்கத்துப் பேரெல்லாம் நீங்க ஒருதடவை பாத்து சரின்னு சொல்லிடுங்க தம்பி. அப்புறம்தான் அச்சுக்குக் கொடுப்பேன்" என்று சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பத்திரிகையில் பெயர் வரிசை என்பது விளையாட்டில்லை. முன்னொரு கல்யாணத்தில் தம்பி பெயருக்குக் கீழே அண்ணன் பெயர் வந்துவிட்டதென்று ஒரு பெரியப்பா பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிப் போய்விட்டார். இன்றுவரை திரும்பி வரவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் மாமா அவ்வளவு கவனமாக இருந்தார். கவிதா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அண்ணா, நீ எதுவும் பண்ண வேண்டாம். அவங்க அனுப்புறதைப் பாத்து ஓகேன்னு மட்டும் சொல்லு."

அதைத்தான் நான் செய்யவில்லை.

பள்ளியில் ஐம்பத்துநான்கு பிள்ளைகள். முன்வரிசை நாற்காலியில் ஹெட்மாஸ்டர், பக்கத்தில் வெள்ளை வேட்டியில் சித்தப்பா. (அவரை யார் அழைத்தார்கள் என்பது இதுவரை தெரியாது. ஆனால் சால்வை அவருக்கும் போட்டார்கள்.)

முதல் அரைமணி நேரம் பிரமாதமாகப் போயிற்று, பொய் சொல்லக் கூடாது. வைரஸ் என்பதும் மனுஷன் எழுதிய ஒரு புரோகிராம்தான், தானாக முளைப்பதில்லை என்றேன். அது ஒரு நல்ல ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வரும், அந்த ஃபைலை நாம் திறக்கும்போதுதான் அதற்கு உயிர் வரும், உயிர் வந்ததும் தன்னையே நகல் எடுத்து அடுத்தடுத்த ஃபைல்களில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். வோர்ம் என்று ஒன்று உண்டு, அதை யாரும் திறக்கக்கூட வேண்டாம், நெட்வொர்க் கிடைத்தால் தானே ஊர் சுற்றும். ட்ரோஜன் என்பது உபயோகமான சாமான் மாதிரி வேஷம் போட்டு வந்து, நாமே கதவைத் திறந்து உள்ளே கூப்பிடும்படி செய்துவிடும். இன்னும் சில, நம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும், அதனால் முக்கியமானதை எல்லாம் இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சித்தப்பாவும் எழுதிக்கொண்டார்.

"சார், ஆன்ட்டிவைரஸ் போட்டா சாகா சார்?" என்றான் ஒருவன். (சாகா என்றால் கன்னடத்தில் 'போதுமா'. எங்கள் ஊரில் ஒரு கேள்வியை ஒரே மொழியில் கேட்டு முடிப்பது அபூர்வம்.)

"போதாது. மூளையும் வேணும்" என்றேன். என்ன திமிர் பாருங்கள்!

அடுத்து, ஆபத்தான மெசேஜைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்களைப் போர்டில் எழுதினேன். ஒன்று, தெரியாத நம்பர். இரண்டு, உடனே திற என்று அவசரப்படுத்துவது. மூன்று, நமக்கு ஆசையோ ஆர்வமோ வரும்படி ஃபைலுக்குப் பெயர் வைத்திருப்பது. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில்கூட மோசடி ஆப் அனுப்புகிறார்கள், பெரியவர்கள் யார் வீட்டுக் கல்யாணமோ என்று திறந்து பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் போன் ஸ்மார்ட் போர்டில் தெரிந்துகொண்டிருந்தது.

டிங்.

தெரியாத நம்பர். படம் கிடையாது. போர்டு முழுக்கப் பெரிய எழுத்தில்:

'வணக்கம். கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறது. உடனே திறந்து பார்க்கவும். பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லவும்.'

கீழே ஒரு ஃபைல். ஐம்பத்துநான்கு பிள்ளைகளும் அதைப் படித்தார்கள். பிறகு கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கவில்லை. பாடத்தில் சொன்னது பாடம் முடிவதற்குள் நேரில் வந்து நிற்கிறதென்றால் சும்மாவா? தெரியாத நம்பர், அவசரம், ஆசை காட்டும் பெயர். மூன்றுக்கு மூன்று! ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றே விட்டார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். பவித்ரா என்று பெயர்.

"சார், ஆப்னா கடைசில வேற எழுத்து வரும்னு சொன்னீங்க. இதுல பிடிஎஃப்னு இருக்கு. ஒண்ணும் ஆகாதல்ல சார்?"

அந்தப் பெண் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஐந்து நிமிஷம் முன்பு நானே சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு விநாடி நின்று பார்த்திருந்தால், யாரோ பத்திரிகை அனுப்புவதாகச் சொன்னார்களே என்று ஞாபகம் வந்திருக்கும். வரவில்லை. கைதட்டல் காதில் இருந்தது.

"அப்படித்தாம்மா வேஷம் போடும். உட்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நான் ஆபத்தை எதிர்கொள்ளும் முறையை நேரடியாகச் செய்து காட்ட ஆரம்பித்தேன். முதலில் அந்த நம்பரை பிளாக் செய்தேன். அடுத்து மோசடி என்று புகார் கொடுத்தேன். மூன்றாவதாக, நாம் தப்பித்தால் மட்டும் போதாது, மற்றவர்களையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, குடும்பக் குரூப்பில் வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினேன்: 'எச்சரிக்கை! கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வைரஸ் அனுப்பும் மோசடிக்காரன் இவன். எதையும் திறக்காதீர்கள். எல்லோருக்கும் பரப்புங்கள்.' கீழே நம்பர். நூற்று முப்பது பேருக்கும் போயிற்று.

"எல்லாரும் அந்த நம்பரை நோட்டுல எழுதிக்குங்க. வீட்ல அப்பா அம்மாகிட்ட காட்டுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். ஐம்பத்துநான்கு நோட்டில் அந்த நம்பர் ஏறியது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சித்தப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இந்த மாதிரி ஆளை எல்லாம் சும்மா வுடக் கூடாதுடா முரளி" என்று தன் போனில் அந்த நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் ஆன் செய்தார். நான் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு செய்முறை என்று நினைத்தேன்.

"ஆங், வணக்கங்க. பத்திரிகை பாத்தீங்களா? ஓகேங்களா?" என்றது அந்தப் பக்கம் ஒரு குரல், ரொம்ப ஆவலாக.

"பத்திரிகையா? யாருக்குடா கல்யாணம்? உங்கப்பனுக்கா?"

"...என் பையனுக்குங்க. நீங்க யாரு பேசறது?"

"உன்னைக் கம்பி எண்ண வைக்கப் போறவன் பேசறேன்!"

"ஐயா, ஏதோ தப்பா புரிஞ்சிக்கினீங்க போல. நான் சுந்தர..."

"பேரு வேற வெச்சிக்கினு இருக்கியா? படிக்கிற பசங்க முன்னாடி சொல்றேன், உன் நம்பர் ஊரு பூரா போயாச்சு. வைடா போனை!"

சித்தப்பா சொன்னது 'வைடா போனை' என்றாலும் வைத்தது அவர்தான். அவருடைய போனின் ஸ்பீக்கர் கரகரவென்றுதான் பேசும். அப்படியும் அந்தக் குரலை எங்கோ கேட்டமாதிரி இருந்தது எனக்கு. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பைப் பார்த்து, "கவனிச்சீங்களா? எவ்வளவு பணிவா, பழகின ஆள் மாதிரி பேசறான்! மோசடிக்காரங்க இப்படித்தான் பேசுவாங்க" என்று விளக்கவுரை கொடுத்தேன். இன்றைக்கும் குளிக்கும்போது இந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் சோப்பு கை நழுவிவிடும்.

நடந்தது இதுதான். சுந்தரமூர்த்தி மாமா காலையிலேயே சிவாஜிநகரில் அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். மாதிரிப் பத்திரிகை அச்சகத்துக்காரர் போனில் இருந்ததால், என் நம்பரைக் கொடுத்து அதிலிருந்தே அனுப்பச் சொல்லியிருக்கிறார். முகூர்த்த மாசம், பன்னிரண்டு மணிக்குள் சொன்னால்தான் அன்றைக்கு மிஷினில் ஏற்ற முடியும், இல்லாவிட்டால் இரண்டு வாரம் ஆகும் என்று அச்சகத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். என் பதிலுக்காக அந்தப் போனையே கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார் அந்த மனுஷர். நான் வகுப்பு எடுக்கிறேன், தொந்தரவு செய்யக் கூடாது என்று கூப்பிடக்கூட இல்லை. அப்புறம் அந்தப் போனிலிருந்தே கூப்பிட்டபோது நான் அந்த நம்பரை பிளாக் செய்திருந்தேன்.

என் பதில் வரவில்லை. போன்கள் வந்தன. எங்கள் குடும்பத்தில் நல்லதற்கு ஒன்றுகூட மாட்டார்கள், இந்த மாதிரி காரியம் என்றால் ஒருத்தர் விடாமல் வருவார்கள். முதலில் சித்தப்பா. பிறகு ராஜம்மா அத்தை. அத்தைக்கு ஒரு பழக்கம், யாரைத் திட்டினாலும் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். "நான் யாரு தெரியுமா? சந்தாபுரா ராஜம்மா!" என்று ஆரம்பித்திருக்கிறார். மாமா, அச்சகத்துக்காரர் பேப்பரில் எடுத்துக் கொடுத்திருந்த மாதிரிப் பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். பெண்ணின் அத்தை, ராஜம்மா, சந்தாபுரா. இருக்கிறது. அடுத்து ஆனேக்கல் மாமா பேசினார். அவர் பெயரும் இருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு போனுக்கும் சுந்தரமூர்த்தி மாமா பத்திரிகையில் பெயரைத் தேடி, பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தாராம். பதினேழு டிக்.

பன்னிரண்டரைக்கு, எனக்குப் போட்ட சால்வையோடு ஸ்டாஃப் ரூமில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கவிதாவின் போன் வந்தது.

"அண்ணா, உன்கிட்ட ஓகேன்னு ஒரே ஒரு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன்?" அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மாப்பிள்ளை அவளிடம் சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். அப்பாவை உங்க வீட்டுக்காரங்க பதினேழு பேர் திட்டியிருக்காங்க, அவர் இன்னும் அச்சகத்துலயே உக்காந்திருக்கார்.

போண்டாவைத் தட்டில் வைத்தேன். அந்த ஃபைலை அப்போதுதான் திறந்தேன். பத்திரிகை. எங்கள் பக்கத்துப் பெயர்கள் ஒன்றுகூடத் தப்பில்லாமல், வயது வரிசை மாறாமல். எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா இல்லாத வீட்டில் அழைக்கிறவர் என்ற இடத்தில் என் பெயர். முரளிதரன், கம்ப்யூட்டர் நிபுணர். நான் கேட்கவே இல்லை, அவராகப் பெருமையோடு போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆட்டோவில் சிவாஜிநகர் போனேன். சித்தப்பா நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார். வழி முழுக்க, "தப்பு அவர் மேலதான்டா, சொந்த நம்பர்லேந்து அனுப்பியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மார்க்கெட் பக்கம் டிராஃபிக்கில் ஆட்டோ நகரவில்லை. இறங்கி ஓடினேன். சித்தப்பா பின்னால் கத்திக்கொண்டே வந்தார்.

மாமா அச்சகத்தில் ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் காலில் விழுந்தேன். தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்க மாமா என்றேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு, "எனக்கு அறுபத்திரண்டு வயசு. இதுவரைக்கும் யாரும் என்னை டேய்னு கூப்பிட்டதில்ல" என்றார். அதே மெதுவான குரலில்தான் சொன்னார். அதற்குப் பதில் அவர் என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம். அதுவரை எகிறிக்கொண்டிருந்த சித்தப்பாவே தலையைக் குனிந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

அதற்குள் அச்சகத்துப் போன் மறுபடி அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போயிருந்தார்கள், நோட்டைக் காட்டியிருந்தார்கள். இப்போது பெற்றோர்கள். அச்சகத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பேசுங்க சார்."

சார்! காலையில்வரை தம்பி.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை பேசினேன். தமிழ், கன்னடம், உருது என்று மூன்று மொழியிலும் திட்டு வாங்கினேன். ஒவ்வொருத்தரிடமும் ஒரே பதில்: "இது மோசடி இல்லீங்க. நிஜமாவே கல்யாணம். என் தங்கச்சி கல்யாணம்." யாரும் நம்பவில்லை. கல்யாணம்னா எங்கே, என்றைக்கு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் பேர் சொல்லு பார்க்கலாம் என்று குறுக்கு விசாரணை. சொன்னேன். சொன்ன பிறகு சும்மா விட முடியுமா? "நீங்களும் அவசியம் குடும்பத்தோட வரணும்" என்று ஒவ்வொருத்தரையும் அழைத்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா, "சைவமா, அசைவமா?" என்று கேட்டார். நான் திணறியதைப் பார்த்து மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எழுந்து அச்சகத்துக்காரரிடம், "இன்னும் நூறு பத்திரிகை சேத்து அடிங்க" என்றார். அன்று பன்னிரண்டு மணிக்கு நாங்கள் தவறவிட்ட மிஷின் நேரத்துக்குப் பதிலாக மறுநாள் காலை நேரத்தை அச்சகத்துக்காரர் எங்களுக்குக் கொடுத்தார். அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

கல்யாணம் நடந்தது. அடுகோடியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் பதினோரு குடும்பம் வந்தது. பவித்ராவும் வந்தாள். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "சார், அன்னிக்கு வோர்ம் வேலை பண்ணது நீங்கதான் சார். யாரும் திறக்கவே இல்ல, எல்லார் வீட்டுக்கும் வந்துட்டீங்க" என்றாள். பக்கத்து இலையில் இருந்த ராஜம்மா அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். (பதினேழில் இரண்டாவது ஆள் அவர், என்ன சொல்ல?) கல்யாணம் முடிந்த கையோடு, குடும்ப மானத்தை வாங்கியதற்காகச் சித்தப்பா என்னைக் குரூப்பிலிருந்து நீக்கினார். போன் போட்டு 'டேய்' என்றவர் அவர். நீக்கப்பட்டவன் நான். இன்னும் சேர்க்கவில்லை.

சுந்தரமூர்த்தி மாமா அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் எனக்கு எதையாவது அனுப்புவதாக இருந்தால் முதலில் போன் செய்வார். "சார், நான்தான், சுந்தரமூர்த்தி. ஒரு படம் அனுப்பலாம்னு இருக்கேன். அனுப்பட்டுங்களா?" நான் சரி என்ற பிறகுதான் அனுப்புவார். கிண்டலா, நிஜமான மரியாதையா என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று நான் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன், போன் சைலன்ட்டில். வெளியே வந்து பார்த்தால் மாமாவிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். குரூப்பில் இருந்த நூற்று இருபத்தொன்பது பேரும் குழந்தையைப் பார்த்து, மூக்கு யார் மாதிரி என்று சண்டைகூடப் போட்டு முடித்திருந்தார்கள். தாய்மாமன் நான்தான் கடைசி. "உங்க பர்மிஷன் இல்லாம எப்படிங்க சார் அனுப்பறது?" என்றார் மாமா. நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு எங்கள் அப்பா மாதிரி.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. கலர் பென்சிலில் எதையாவது வரைந்து, அம்மா போனில் படம் பிடித்து, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறாள். எனக்கு மட்டும் தாத்தாவைப் போலவே முதலில் போன் வருகிறது.

"மாமா, நான்தான். யானை வரைஞ்சிருக்கேன். அனுப்பட்டுங்களா?"

பின்னால் வீடே சிரிக்கிற சத்தம் கேட்கும். அனுப்பு கண்ணு என்று நான் சொல்கிறவரை அவள் காத்திருக்கிறாள்.